அய்யாவுவின் ஐயாயிரம் பங்குகள்

மலேசியாவின் கிள்ளான் நகரில் அந்த லோரி கம்பெனியின் மாடிப்படி காலை எட்டரைக்கே சுட்டது. வாசலில் இருந்த வருகைப்பதிவுக் கருவியில் உஷாராணி பெருவிரலை வைத்தாள். திரையில் அவள் பெயர் வந்தது. "தேங்க் யூ" என்றது கருவி. கணக்குப் பிரிவில் சேர்ந்து இரண்டு மாதம். இன்னும் ஒரு மாதம் தாண்டினால் வேலை நிரந்தரம். எட்டு மாதம் வேலையில்லாமல் அலைந்தவளுக்கு அதுதான் உயிர்.

முதலாளி தம்புசாமி ஒரு ஃபைலை மேசையில் போட்டார்.

"அய்யாவு ஷேர் ஐயாயிரத்தையும் கம்பெனியே திரும்ப வாங்கிடுச்சு. ட்ரெஷரி ஷேர்ஸ் டெபிட், கேஷ் கிரெடிட். இன்னிக்கே போட்டுரு."

கோப்பைத் திறந்ததும் நாற்றம் குப்பென்று அடித்தது. செத்த எலியோ என்று அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தூசிதான் இருந்தது.

மேலே பழைய தாள். கம்பெனி தொடங்கியபோது லோரி டிரைவர் அய்யாவுக்குப் பங்கு வெளியிட்ட பதிவு: ரொக்கம் பற்று, பங்கு மூலதனம் வரவு. கீழே அய்யாவு குண்டு குண்டாகத் தமிழில் போட்ட கையெழுத்து. அடுத்தது, பங்கைக் கம்பெனிக்கே திருப்பித் தரும் விண்ணப்பப் பாரம். அதில் கையெழுத்து இல்லை, பெருவிரல் ரேகைதான். கடைசியில் அவர் மனைவி தனலெட்சுமியின் கடிதம்: அந்தப் பங்குதான் எனக்கு ஆதாரம், என் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். கூடவே அய்யாவுவின் இறப்புச் சான்றிதழ்.

இறந்தது மூன்றாம் தேதி.

ரேகை வைத்தது ஐந்தாம் தேதி.

"பாஸ், செத்து ரெண்டு நாள் கழிச்சு எப்படி..."

தம்புசாமி கறிபாப் தின்ற விரலை நக்கினார். "பொணவறையில நானே போய் வச்சேன். வெறச்ச கையைப் பிரிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. பாரத்துல தேதியை நான் மாத்திக்கிறேன். நீ ரெண்டாந்தேதின்னு போடு லா. வேலை வேணுமா, வேணாமா?"

பிணத்தின் நெற்றிக் காசையும் விடாத ஜன்மம். ஆனாலும் உஷாராணியின் விரல்கள் கணினியை நோக்கித்தான் போயின.

பாரத்தை நகர்த்துகையில் பெருவிரல் ரேகைமேல் பட்டது.

ஈரம்.

வழுவழுப்பாக, சில்லென்று இருந்தது. கையை இழுத்தாள். வெளுத்த தோல் ஒன்று அவள் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

கழிப்பறைக்கு ஓடி நாலு முறை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தோல் உரியவில்லை. படிந்து, அடங்கி, அவள் தோலாகவே ஆகிவிட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். காதருகே யாரோ மூச்சுவிட்டார்கள்.

"போடாதம்மா..."

உஷாராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

போட்டாள். இரண்டாம் தேதி என்றே போட்டாள்.

நாற்றம் சட்டென்று நின்றது.

ஐந்தரைக்கு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று வாசலுக்கு ஓடினாள். கருவியில் பெருவிரலை வைத்தாள்.

திரையில் "அய்யாவு" என்று வந்தது.

புடைவைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அய்யாவு. இடது பெருவிரலை வைத்தாள். அய்யாவு.

"தேங்க் யூ" என்றது கருவி.

மறுநாள் காலை எட்டரைக்கும் அவள் வேலைக்கு வந்தாள். அந்தப் பெயரில்தான் உள்ளே போனாள்.