சுருளியம்மாள் கட்டிய பெட்டி

"ஆரு... இந்தப் பொட்டியக் கட்டின ஆரெண்டு கேக்கிறன்!"

மாமியார் மங்கையற்கரசியின் குரல் நடு அறையிலிருந்து கிளம்பிக் குசினி வரைக்கும் வந்தபோது, சுருளியம்மாள் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். குரலைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. பார்த்துவிட்டார்கள்! நாத்தனாரின் கலியாணத்துக்காக ஒரு வாரமாக யாருக்கும் தெரியாமல் பார்த்துப் பார்த்து அடுக்கிய பெட்டியல்லவா? பாராட்டு வாங்கப் போகிறவளாகவே மாக்கையைத் தட்டிவிட்டு ஓடினாள், பாவம்.

"நான்தான் மாமி! நல்லா இருக்கா? முறுக்கு மட்டும்தான் இன்னும் வைக்கல... கடைசி நாள் வச்சாத்தான் நமுத்துப் போகாது..."

கட்டிலின் மேல் அந்தப் பெரிய நீலப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. உள்ளே மகள் தக்ஷாயினியின் சேலைகள், கந்தோருக்கு வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் செருப்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தல், சின்ன வயதிலிருந்து அவள் தேத்தண்ணி குடிக்கும் பூப்போட்ட கோப்பை வரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. மங்கையற்கரசி பெட்டியைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள். பிறகு கட்டில் விளிம்பில் சரிந்து உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"கடவுளே... என்ட மகளுக்குப் பொட்டி கட்டிற்றாளே! பிறந்த வீட்டிலயிருந்து அவளக் கிளப்பப் பாக்கிறாளே!"

சுருளியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோப்பையை வைத்ததுதான் தப்போ?

"கோப்பைய வேணா எடுத்துரவா மாமி?"

"எடு! எடுத்திற்று அந்த இடத்தில என்னைய வெச்சுப் பூட்டு!"

சுருளியம்மாள் கம்பத்துப் பெண். தேனிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவள். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தபோது, அங்கே ஏசி திருத்த வந்த மட்டக்களப்புக்காரன் சிவதர்ஷனைப் பார்த்துப் பிடித்துப்போய், அங்கேயே தாலியும் கட்டிக்கொண்டாள். "கடல் தாண்டிப் போறவ எனக்கு மகளே இல்ல" என்று அப்பா போனை வைத்தவர்தான், இன்றுவரை எடுக்கவில்லை. அம்மா மட்டும், அவருக்குத் தெரியாமல், மஸ்கட்டுக்கு வந்த ஒருத்தியிடம் ஒரு பித்தளைக் காமாட்சி விளக்கைக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் மட்டக்களப்புப் பக்கத்து இந்த வந்தாறுமூலை வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் இரண்டு வயது மகள் வேணுகா, கையில் ஒற்றைப் பை. அவள் ஊரில் மருமகளை ஆரத்தி எடுத்து, "வலது காலை எடுத்து வச்சு உள்ள வாம்மா" என்று யாராவது சொல்லாமல் விடமாட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக, வலது காலைத் தயாராக வைத்துக்கொண்டு, நனைந்தபடியே நின்றாள். மங்கையற்கரசி எட்டிப் பார்த்து, "என்ன புள்ள மழைக்க நிக்கிற? கெதியா உள்ள வா, புள்ளைக்குத் தடிமன் பிடிச்சிரும்!" என்றாள். அவ்வளவுதான் வரவேற்பு. எந்தக் காலை முதலில் வைத்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. அந்த வருத்தம் மட்டும் ஒரு சின்ன முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

மற்றபடி குறையில்லை. புது ஊரில் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். ஓடாமல் கிடக்கிற வாவியை இங்கே ஆறு என்பார்கள். அவள் மகள் அவளிடமே "என்னத்துக்கு அம்மா சும்மா கத்துறீங்க?" என்று அட்சரசுத்தமான மட்டக்களப்புத் தமிழில் கேட்பாள். எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டாள். அத்தையை மாமி என்று கூப்பிடவும் பழகிவிட்டாள், பதற்றம் வந்தால் மட்டும் அத்தை வந்துவிடும்.

ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்குப் புதிராக இருந்தது. இந்தத் தெருவில் ஏன் இத்தனை பேர் வீட்டோடு மாப்பிள்ளையாகக் கிடக்கிறார்கள்? பக்கத்து வீட்டுத் தனோஜன் கூட மாமியார் வீட்டில்தான். பொறுக்காமல் ஒருநாள் வேலியோரம் நின்று, "மனச விட்டுராதீங்க தம்பி, உங்களுக்கும் ஒரு காலம் வரும்" என்று ஆறுதல் சொன்னாள். தனோஜன் ஒரு வங்கியின் மனேஜர். அன்றிலிருந்து இவளைக் கண்டால் கேற்றைச் சாத்திக்கொள்வான்.

புருசனைக் கேட்டிருக்கலாம். ஆனால் சிவதர்ஷன் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை ஒரு தபால் முத்திரையின் முதுகில் எழுதிவிடலாம். போன கலியாணங்களிலாவது தெரிந்துகொண்டிருக்கலாம். எல்லாம் மண்டபத்தோடு முடிந்தன. சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். அதற்குப் பிறகு யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்று இவள் ஏன் பார்க்கப் போகிறாள்? வீட்டு வளவின் பின்பக்கம் புதிதாக ஒரு சின்ன வீடு எழும்பியபோதும் அப்படித்தான். வயதான காலத்தில் மாமிக்குத் தனியே இருக்க ஆசையாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அடுப்புத் திட்டுக்கு உயரம் பார்க்க மேசன் கூப்பிட்டபோது, வீட்டிலேயே நெட்டையான ஆள் தான்தானே என்று போய் நின்று கொடுத்தாள்.

இப்போது நடு அறையில் மாமியாரின் அழுகை கேட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். தக்ஷாயினி ஈரத்தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சிவதர்ஷன் பல் விளக்கும் பிரஷோடு வந்து நிலையில் சாய்ந்தான்.

"அத்தை... நான் என்ன தப்பு பண்ணேன்? சொல்லிட்டு அழுங்களேன்..."

"என்ன தப்பா? இந்த வீடு என்ட அம்மா எனக்குத் தந்த வீடு. நான் என்ட மகளுக்குக் குடுக்கிற வீடு. ஒண்டு போதாதெண்டு இதையும் பிடிக்கப் பாக்கிறியா? உனக்கு நான் என்ன குறை வெச்சன்? வந்த அண்டைக்கே நினைச்சன்... உள்ள வராம வாசல்ல நிண்டு வீட்ட மேலையும் கீழையும் பாத்தவதானே நீ!"

'ஒண்டு' என்றால் எது என்று சுருளியம்மாளுக்குப் புரியவில்லை. கடைசிச் சொல் மட்டும் நன்றாகவே புரிந்தது. அழுகை வந்துவிட்டது.

"நான் வீட்டப் பாக்கல அத்தை... வலது காலை வச்சு வான்னு... யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நின்னேன்... நாலு வருசமா அப்படியா நெனச்சீங்க என்னைய?"

மங்கையற்கரசி கேட்கிற நிலையில் இல்லை. பெட்டிக்குள் கையை விட்டுச் சாமான்களை எடுத்து எடுத்துக் கட்டிலில் போட்டாள். சேலை போனது. செருப்பு போனது. எண்ணெய்ப் போத்தல் மயிரிழையில் தப்பியது. அடியில் ஒரு பழைய சுங்குடிச் சேலைக்குள் கனமாக ஏதோ இருந்தது. உதறினாள். காமாட்சி விளக்கு அவள் மடியில் விழுந்தது.

கை நின்றுவிட்டது. அந்த விளக்கை அந்த வீட்டில் தெரியாதவர்கள் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் சுருளி தானே புளி போட்டு விளக்கி, தானே ஏற்றி, தானே எடுத்து வைப்பாள். வேறு யாரையும் தொட விட்டதில்லை.

"இது... உன்ட அம்மாட விளக்கெல்லோ? இதென்னத்துக்கு இஞ்ச?"

"எங்க ஊர்ல பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போறப்ப விளக்கு குடுத்துத்தான் அனுப்புவாங்க அத்தை. என்னைய யாரும் அனுப்பல... ஒத்தப் பையோட வந்தவ நான். தக்ஷா அப்படிப் போய் நிக்கக் கூடாதுன்னுதான்..." விம்மலில் மீதி வரவில்லை.

"மச்சாள், நான் எங்க போறன்?" என்றாள் தக்ஷாயினி.

"எங்கன்னா... மாப்பிள்ளை வீட்டுக்குத்தான்!"

வாசலில் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த வேணுகாதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"அம்மா, உங்களுக்கு இதும் தெரியாதா? தக்ஷா மாமி ஒரு இடமும் போகமாட்டா. மாப்பிள்ளை நிலோஜன் மாமாதான் பொட்டியோட இஞ்ச வருவார். பொம்புளப் புள்ளைக்குத்தான் வீடு. எனக்கும் நீங்க ஒண்டு கட்டித் தரோணும்."

முதலில் சிரித்தது தக்ஷாயினி. தலைத் துவாய் அவிழ்ந்து விழ, அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். மங்கையற்கரசிக்கு அழுகை நிற்பதற்கு முன்பே சிரிப்பு வந்து, இரண்டும் முட்டி இருமல் பிடித்தது. சிவதர்ஷன் வாயிலிருந்த நுரையைத் துப்ப முற்றத்துக்கு ஓடினான். சுருளியம்மாளும் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். "ஐயையோ, அப்ப அந்த மனேஜர் தம்பிக்கு நான் சொன்ன ஆறுதல்..."

சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. வீடு தக்ஷாவுக்கு. மாப்பிள்ளை இங்கே வருகிறார். பின்வீடு மாமிக்கு.

அப்படியென்றால் நாங்கள்?

யாரையும் கேட்கவில்லை அவள். கேட்டுப் பதில் வாங்குவதைவிட மரியாதையாகப் போய்விடுவதே நல்லது என்று பட்டது. தன் அறைக்குப் போனாள். அலுமாரியின் மேலிருந்து, மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பையை இறக்கினாள். வேணுகாவின் பள்ளிச் சட்டைகளை மடித்து வைத்தபோது கண்ணீர் அவற்றின் மேலேயே விழுந்தது. மழையில் வந்து இறங்கிய அன்று கூட இப்படி அந்நியமாகத் தோன்றவில்லை.

கையில் விளக்கோடு பின்னாலேயே வந்த மங்கையற்கரசி வாசலில் திகைத்து நின்றாள்.

"கடவுளே... மறுகாவும் பொட்டியா! இப்ப ஆருக்கு?"

"எங்களுக்குத்தான் மாமி. உங்க வழக்கம் எனக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா நானே முன்னாடியே வாடகைக்கு ஒரு வீடு பாத்திருப்பேன். உங்களுக்கும் சங்கடம் இருந்திருக்காது. ஏறாவூர்ப் பக்கம் விசாரிச்சா கிடைக்கும்... தக்ஷா சந்தோசமா இருக்கட்டும்."

மங்கையற்கரசி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பின்னால கட்டியிரிக்கிற வீடு ஆருக்கெண்டு நினைச்சாய்?"

"உங்களுக்கு..."

"எனக்கா? அடுப்புத் திட்டுக் கட்டின அண்டைக்கு உன்னைத்தானே மேசன் நிக்க வெச்சு உசரம் பாத்தான்? அந்தத் திட்டில நான் சோறாக்கிறதெண்டா ஏணி வெச்செல்லோ ஏறோணும்!"

சுருளியம்மாளின் கையிலிருந்த சட்டை நழுவியது.

"கேளு புள்ள. மகனுக்கு வீடு கட்டிக் குடுக்கிற வழக்கம் இஞ்ச இல்ல. கட்டினா ஊர் சிரிக்கும். நான் மகனுக்குக் கட்டல்ல. தாய்தான் மகளுக்கு வீடு குடுக்கிற. உன்ட அம்மா கடலுக்கு அங்கால இரிக்கா... இஞ்ச உனக்கு ஆர் இரிக்கு? நான்தானே இரிக்கன்! எனக்கு மகள் ஒண்டில்ல, ரெண்டு!"

"இத ஏன் அத்தை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னத்தச் சொல்லுற? சூரியன் கிழக்கால வருதெண்டு ஆரும் ஆருக்கும் போய்ச் சொல்லுறதா? தெரியுமெண்டு நினைச்சன்..." மங்கையற்கரசியின் குரல் உடைந்தது. "வீடு பிடிக்க வந்தவ எண்டெல்லாம் சொல்லிற்றன். இந்த நாக்க என்ன செய்யிற? உன்ட விளக்கையே தூக்கிக் குடுக்க நினைச்சவளப் போய்..."

சுருளியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள். மாமியாரின் தலை மருமகளின் தோள் வரைக்கும்தான் எட்டியது. தோள் முழுதும் நனைந்துவிட்டது. நாலு வருடமாக எதற்காக இந்த வீட்டில் பயந்து பயந்து நடந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கும் அழுகை அடங்கவில்லை. கதவோரம் வந்து நின்ற தக்ஷாயினி, அம்மாவின் கையிலிருந்த விளக்கை வாங்கிச் சுருளியின் கையில் வைத்தாள்.

"எனக்கு வீடிரிக்கு, விளக்குமிரிக்கு மச்சாள். இது உங்கட வீட்டில எரியட்டும்."

கலியாணத்துக்கு முன் ஒரு நல்ல நாள் பார்த்துப் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். சுருளியம்மாள் விளக்கோடு படியேறப் போனபோது மங்கையற்கரசி அவசரமாகக் குறுக்கே கையை நீட்டினாள்.

"நில்லு, நில்லு! எந்தக் காலெண்டு சொன்னாய் அண்டைக்கு? வலதா, இடதா?"

"வலது..." என்றாள் சுருளியம்மாள். அத்தனை கோபத்திலும் அந்த வார்த்தை காதில் விழுந்துதான் இருக்கிறது!

"அப்ப வலது கால வெச்சுப் போ மகள்."

அதற்குப் பிறகு முறைப்படி மாப்பிள்ளை வர வேண்டுமே! மங்கையற்கரசி தன் கையால் சிவதர்ஷனின் சட்டைகளை அதே நீலப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்து அனுப்பினாள். பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்குக் கோழிக்கூட்டைத் தாண்டினால் போதும். ஆனாலும் தாய் மனசல்லவா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். "என்ட புள்ள போறானே... நெருப்புச் சூட்டோட சோறு குடுத்தாத் தின்னமாட்டான், ஆத்திக் குடு புள்ள..."

வேலிக்கு அப்பால் தனோஜன் நின்றிருந்தான். பெட்டியோடு வந்த சிவதர்ஷனைப் பார்த்து, முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டு சொன்னான்:

"மனச விட்டுராதீங்க அண்ணன். உங்களுக்கும் ஒரு காலம் வரும்."

வளவே சிரித்தது. சுருளியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தன் வீட்டு வாசலில், அம்மா கொடுத்த விளக்கோடு நின்றிருந்தாள். தனக்கு யாரும் சொல்லமாட்டார்களா என்று நனைந்துகொண்டு நின்ற வார்த்தையை இன்று அவளே சொல்லப் போகிறாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வாங்க... வலது காலை எடுத்து வச்சு உள்ள வாங்க."

சிவதர்ஷன் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். குனிந்து இரண்டு கால்களையும் பார்த்தான். ஒன்றைத் தூக்கி உள்ளே வைத்தான்.

"அப்பா!" என்று வேணுகா கத்தினாள். "அது இடது கால்!"

"கிறுகிப் போ மனே," என்றாள் மங்கையற்கரசி, கண்ணைத் துடைத்தபடியே. "போய் மறுகா வா."

அவன் படியிறங்கி, கோழிக்கூடு வரை போய், பெட்டியோடு திரும்பவும் முதலிலிருந்து வந்தான்.