கிளிப் போட்ட செருப்புகள்

எங்கள் செருப்புகளை அசிங்கம் என்று எழுதி ஒட்டினார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. எனக்குப் பதினொரு வயது. வீட்டில் என்னைப் 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரைச் சும்மா வைக்கவில்லை.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. இங்குள்ள மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஊர்க்காரர்களுக்குப் பூசை. மத்தியானம் இரண்டு மணிக்கு எங்களுக்கு, தமிழில். எங்கள் ஆட்கள் ஹோட்டல், ஆஸ்பத்திரி, தொழிற்சாலை என்று எங்கெங்கோ வேலை செய்கிறார்கள். நிறையப் பேருக்கு இரண்டு மணிதான் தோதுப்படும். அம்மாவுக்கும் அப்படித்தான். காய்கறி பொட்டலம் போடும் தொழிற்சாலையில் அம்மாவின் ஷிஃப்ட் நான்கு மணிக்குத் தொடங்கும்.

எங்கள் ஃபாதர் இந்த ஊர்க்காரரும் இல்லை, நம் ஊர்க்காரரும் இல்லை. பிழைக்க வந்தவர்களைப் பார்த்துக்கொள்வதற்கென்றே அவருடைய சபை அவரை இங்கே அனுப்பியிருக்கிறது. ஓர் ஓட்டை வேனில் எங்களை வீடு வீடாக ஏற்றி வருவார். மற்ற நாட்களில் யாருக்காவது படிவம் நிரப்புவார், யாரோடாவது ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருப்பார், இல்லாவிட்டால் யாருக்காகவாவது வீட்டுக்காரரோடு சண்டை போடுவார்.

அவர் பைபிளை வைத்துத் தமிழ் கற்றுக்கொண்டவர். அதனால் பேச்சும் அப்படியே வரும்.

"மகளே, உன் தம்பி ஏன் அழுகின்றான்?" என்பார்.

"பசிக்குது ஃபாதர்."

"எனில் அவனுக்கு உணவளிப்பாயாக."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பேன்.

நாங்கள் கோயிலுக்குள் செருப்போடு போக மாட்டோம். முன் வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவோம். எங்களைப் பார்த்து ஃபாதரும் தன் ஷூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

இது சாவிக்காரருக்குப் பிடிக்கவில்லை. கோயில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்கும். ஆள் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது வாசல் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இந்த ஊர் மொழி என்பதால் நான்தான் எல்லோருக்கும் படித்துச் சொன்னேன்.

'வாசலில் செருப்புகளைக் குவிக்கக் கூடாது. அசிங்கமாக இருக்கிறது.'

இரண்டாவது வரியைப் படிக்கும்போது என் காது சூடாகிவிட்டது.

"நாம அசிங்கமாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"விடும்மா. வந்த இடத்துல வம்பு எதுக்கு?"

"வந்து நாலு வருஷம் ஆச்சுப்பா. இன்னும் எத்தனை வருஷம் வந்துக்கிட்டே இருக்கணும்?"

அப்பா தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஃபாதர் போய்ப் பேசிப் பார்த்தார். "கோயில் குழு எடுத்த முடிவு, என்னைக் கேட்டு என்ன பயன்?" என்று சாவிக்காரர் கையை விரித்துவிட்டார்.

நான் விடுவேனா? குவிக்கக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? அடுத்த வாரம் வீட்டிலிருந்து ஒரு பை நிறையத் துணி கிளிப் கொண்டுபோனேன். நாற்பது ஜோடியையும் வரிசையாக வைத்தேன். இடதையும் வலதையும் சேர்த்துப் பிடித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கிளிப் போட்டேன். அம்மாவின் வேலை பூட்ஸ் மட்டும் தடிமனாக இருந்ததால் கிளிப் வாயைத் திறக்க மறுத்தது. அதைச் சும்மா ஓரமாக வைத்தேன்.

"இப்ப யாராவது அசிங்கம்னு சொல்லட்டும், பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பூசை முடிந்து மூன்று மணிக்கு வெளியே வந்தோம். வாசல் காலியாக இருந்தது.

நாற்பது ஜோடியில் ஒன்றுகூட இல்லை. தரையில் வாத்துப் படம் போட்ட குட்டி சாக்ஸ் ஒன்று மட்டும் கிடந்தது. அது தம்பிக்குச் சின்னதாகிப் போன சாக்ஸ். நான் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஃபாதர் தன் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"நமது பாதரட்சைகள் யாவும் எங்கே போயின?" என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

சாவிக்காரர் சத்தத்தோடு வந்தார்.

"அதுவா? லாரியில ஏத்திவிட்டேன். இன்னைக்குப் பழைய துணி, பழைய செருப்பு தானம் வாங்குற நாள். காலையிலிருந்து எல்லாரும் இங்கேதானே வச்சுட்டுப் போனாங்க?"

"அதெல்லாம் நாங்க போட்டுட்டு வந்தது" என்றேன்.

"வாசல்ல வைக்காதீங்கன்னு முதல்லயே எழுதி ஒட்டியிருந்தேனே" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் வாயே திறக்கவில்லை. எனக்கு அப்படி நடப்பது அபூர்வம்.

அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள். இரும்பு முனை வைத்த பூட்ஸ் இல்லாமல் தொழிற்சாலைக் கேட்டுக்குள் விடவே மாட்டார்கள். போன மாதம் தம்பிக்குக் காய்ச்சல் வந்து ஒரு நாள் போகாததற்கே எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்கள். இன்னொரு நாள் போகாவிட்டால் வேலை போய்விடும்.

"போச்சு" என்றாள் அம்மா. அவ்வளவுதான் சொன்னாள். அம்மா சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஃபாதரின் முகம் தக்காளி மாதிரி சிவந்துவிட்டது. அவர் சாவிக்காரரைப் பார்த்துப் பேச வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். எனக்கு மட்டும் சண்டை போட ஆசை இல்லையா? ஆனால் மணி மூன்று பத்து.

"ஃபாதர், சண்டையை அப்புறம் போடலாம். லாரி எங்கே போகும்னு முதல்ல பாப்போம்."

தானம் பற்றிய விளம்பரம் எதிர்ச் சுவரில் இருந்தது. ஓடிப்போய்ப் படித்தேன். லாரி கடைசியாகப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகும், எல்லாவற்றையும் அங்கேதான் பிரிப்பார்கள் என்று போட்டிருந்தது. அதன் கீழே இன்னொரு வரியும் இருந்தது. 'செருப்புகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்துக் கொடுக்கவும்.'

நான் கிளிப் போட்டுச் சேர்த்து வைத்ததும் அப்படித்தானே! அதை யாரிடமும் சொல்லாமல் வேனை நோக்கி ஓடினேன்.

"அம்மா, நீயும் ஏறு. பூட்ஸ் கிடைச்சா அப்படியே வேலைக்குப் போயிடலாம்."

அப்பா தம்பியோடு மற்றவர்களுக்குத் துணையாக நின்றார். ஃபாதர் வெறுங்காலோடு வேனை ஓட்டினார். வேகமாக ஓட்டுவதை வேன் கொஞ்சமும் விரும்பவில்லை.

மைதானத்தில் நீள மேசைகள் போட்டு, மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் கையுறை போட்ட ஓர் அம்மாதான் அங்கே பொறுப்பு. ஃபாதர் நடந்ததை அவரிடம் விளக்கினார்.

"தானமா வந்ததை எப்படித் திருப்பித் தர முடியும்? உங்களோடதுன்னு நான் எப்படி நம்புறது?" என்றார் கையுறைக்கார அம்மா.

ஃபாதரின் முகம் மறுபடியும் சிவக்க ஆரம்பித்தது. நான் முன்னால் போய் நின்றேன்.

"ஒவ்வொரு ஜோடியிலயும் துணி கிளிப் இருக்கும். பாதி மஞ்சள், பாதி பச்சை. நான்தான் போட்டேன். மூட்டையைப் பிரிச்சுப் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேர் காலையும் பார்த்தார். மூட்டையின் கயிற்றை அவிழ்த்தார்.

மஞ்சளும் பச்சையுமாகக் கொட்டியது. முப்பத்தொன்பது ஜோடி எண்ணினேன். அம்மாவின் பூட்ஸ் மட்டும் இல்லை.

"வேலை பூட்ஸா? அதெல்லாம் தனிப் பெட்டி" என்று அவர் கை காட்டினார்.

பெட்டியில் பத்துப் பன்னிரண்டு ஜோடி கறுப்பு பூட்ஸ் கிடந்தன. ஒவ்வொரு ஜோடியையும் நாடாவால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் பெரிசு. மணி மூன்று நாற்பது.

அம்மா ஒன்றை எடுத்தாள், வைத்தாள், இன்னொன்றை எடுத்தாள். "எல்லாம் ஒண்ணு போலவே இருக்குதே" என்றாள்.

அப்போதுதான் எனக்கு என் பையில் இருந்த சாக்ஸ் ஞாபகம் வந்தது. அம்மாவின் கால் சின்னது. பெண்கள் அளவில் பூட்ஸ் இல்லை என்று தொழிற்சாலையில் ஆண்கள் பூட்ஸைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் பெண்கள், பூட்ஸ் மட்டும் ஆண்களுக்காம். இது எந்த ஊர் நியாயம்? கால் வழுக்காமல் இருக்க, இரண்டு பூட்ஸ் முனையிலும் தம்பியின் பழைய சாக்ஸைத் திணித்துத்தான் அம்மா ஒரு வருஷமாக நடக்கிறாள். ஒரு சாக்ஸ் வாசலில் விழுந்துவிட்டது. இன்னொன்று உள்ளேதான் இருக்க வேண்டும்.

நான் ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் முழங்கை வரை கையை விட்டேன். வாசனையைப் பற்றிச் சொல்லப் போவதில்லை. ஏழாவது ஜோடியில் மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். வாத்து வந்தது.

இரண்டு வாத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கையுறைக்கார அம்மா அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடிச்சை அவரே அவிழ்த்துக் கொடுத்தார். செருப்புகளை வேனில் ஏற்றவும் கைகொடுத்தார்.

நான்கு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அம்மா கேட்டுக்குள் நுழைந்தாள். காவலாளி கடிகாரத்தைப் பார்த்தார், அம்மாவின் பூட்ஸைப் பார்த்தார், பிறகு ஃபாதரின் காலைப் பார்த்தார். ஃபாதர் தன் ஷூவைப் போட மறந்தே போயிருந்தார்.

"மகளே, அந்த வாத்துகளை எனக்குத் தருவாயா?" என்று திரும்பும் வழியில் கேட்டார்.

"அது அம்மாவோட பூட்ஸ்ல இருக்கு ஃபாதர். நாளைக்கு வாங்கித் தரேன். எதுக்கு?"

"போர் புரிவதற்கு" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலையில் அவர் அந்த சாக்ஸோடு தொழிற்சாலை அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். யார் என்ன கேட்டாலும் வாத்தை எடுத்து மேசை மேல் வைத்தாராம். வியாழக்கிழமை அம்மாவுக்கு அளவான பூட்ஸ் வந்தது. அம்மாவுக்கு மட்டும் இல்லை, அங்கிருந்த பெண்கள் எல்லோருக்கும் வந்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதை இன்னும் முடியவில்லை. கோயிலுக்குத் திரும்பியபோது எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாவிக்காரர் தள்ளி நின்றார். ஃபாதர் நேராக அவரிடம் போனார்.

"இவங்க வேலை செய்யலைன்னா இந்த ஊர்ல காய்கறி சாப்பிட முடியாது, ஆஸ்பத்திரித் தரை சுத்தமா இருக்காது. இவங்க செருப்பு உங்களுக்கு அசிங்கமா?" என்று ஊர் மொழியில் கேட்டார். அதில் அவர் பேச்சு நன்றாகச் சூடாக இருந்தது.

"ஜோடி ஜோடியா கிளிப் போட்டிருந்தா தானம்னுதானே நினைப்பேன்?" என்றார் சாவிக்காரர். அவர் குரல் இறங்கியிருந்தது.

அதைக் கேட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "கிளிப் போட்டது நான்தான். விளம்பரத்தைப் படிக்காம போட்டது என் தப்பு. ஆனா அசிங்கம்னு எழுதினது உங்க தப்பு. என் தப்பை நான் சொல்லிட்டேன்."

சாவிக்காரரின் சாவிகள்கூடச் சத்தம் போடவில்லை. அப்போது அப்பா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். வம்பு வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதம் சுவரில் இல்லை. அது இருந்த இடத்துக்குக் கீழே புதுப் பலகையில் செய்த ஒரு நீள அலமாரி நின்றது. மரத்தூள் வாசனைகூடப் போகவில்லை. நாங்கள் செருப்பை அடுக்கிக்கொண்டிருந்தபோது சாவிச் சத்தம் கேட்டது. சாவிக்காரர் தயங்கித் தயங்கி வந்து, தன் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"எனக்கும் ஒரு கிளிப் இருக்குமா?" என்று கேட்டார்.

நான் சிரிக்கவில்லை. கோபமாகத்தான் கொடுத்தேன். ஆனால் பையில் இருந்ததிலேயே நல்ல கிளிப்பாகப் பார்த்துக் கொடுத்தேன்.