வெயில் ஆகாதவள்

“ராத்திரி முழுக்கக் குறட்டை! மரம் அறுக்கிற மில்லுக்குள்ள படுத்த மாதிரி இருக்கு! இந்த வருஷமும் நான் அந்த ரூம்லதான் கிடக்கணுமா?”

“சித்தி, கொஞ்சம் மெதுவா... பெரியவங்க ரெண்டு ரெண்டு பேருக்கு ஒரு ரூம்னுதான் கணக்கு, நான் என்ன...”

“மெதுவா என்ன மெதுவா! ஊரே கேக்கட்டும்! கட்டினவ ஒருத்தி இருக்கிறப்போ கூடப் பொறந்தவளுக்கு எதுக்கு இந்தத் தண்டனை?”

“...பண்றது? நாங்க ரெண்டு பேரும் குழந்தைங்களும் ஒரு ரூம். மாமாவும் நீங்களும் ஒரு ரூம். வருஷா வருஷம் அப்படித்தானே?”

சமையலறை ஜன்னலில் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. மருமகள் மெலிசா கையில் தொலைபேசியோடு நின்றாள். மதியத்துக்குள் பயண ஏஜெண்டிடம் பெயர்களைச் சொல்லியாக வேண்டும். பள்ளி விடுமுறை வாரத்தில் கனடாவின் இந்தக் கியூபெக் மாகாணமே குளிருக்குத் தப்பி கியூபாவின் வரதேரோ கடற்கரைக்குப் பறக்கும், அறை கிடைக்காது. எதிரே மாமனாரின் தங்கை லிசெத், இடுப்பில் கைவைத்துக்கொண்டு. யாருடைய குறட்டையைப் பற்றிப் பேச்சோ அந்த மாமனார் ரெயால், வேறு யார் வீட்டுச் சண்டையோ என்பது போல காப்பியை ஊதிக்கொண்டிருந்தார்.

மேசையின் மறுகோடியில் ரெயாலின் மனைவி கிஸ்லேன் ஒரு பை கட்டிக்கொண்டிருந்தாள். சோப்பு, பற்பசை, தலைவலி மாத்திரை, ஒரு ஜோடி சின்ன வெள்ளைச் செருப்பு. எல்லாம் வரதேரோவில் இவர்கள் தங்கும் ஓட்டலில் அறை துடைக்கும் யமிலேக்கு. கிஸ்லேன் யமிலேயைப் பார்த்ததே இல்லை. ஆனால் யமிலேயின் மகளுக்குக் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று புகைப்படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஒவ்வொரு குளிர்காலமும் பை போகும். அவள் போனதில்லை.

“அண்ணிக்கு என்ன!” லிசெத் குரலை உயர்த்தினாள். “நாம எங்கேயோ போய்த் தொலையட்டும், அவங்களுக்கு அவங்க மாடு இருந்தா போதும். மாட்டைக் கட்டிக்கிட்டே...”

“மாடுதான் இல்லையே, சித்தி,” என்றாள் மெலிசா.

விறகடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

ஆமாம், மாடு இல்லை. அக்டோபரில் லாரிகள் வந்து, விற்ற மாடுகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டன. அன்றிலிருந்து கிஸ்லேன் ஒரே ஒரு கேள்விக்காகக் காத்திருந்தாள். இந்த வருஷம் நீயும் வர்றியா? அவ்வளவுதான். நவம்பரில் கேட்பார்கள் என்று நினைத்தாள். கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லோரும் வரதேரோவைப் பற்றியே பேசியபோது, இதோ இப்போது கேட்பார்கள் என்று தட்டு கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். கேட்கவில்லை. இப்போதும் அதிகாலையில் பால் கறக்கும் நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து, உடுத்தி, போவதற்கு இடமில்லாமல் இருட்டில் இதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள்.

“மாடு இல்லேன்னா என்ன,” ரெயால் தொண்டையைச் செருமினார். “அவளுக்குத்தான் வெயில் ஆகாதே. அதோட, யாராவது இருந்து அடுப்பைப் பாத்துக்கலேன்னா தண்ணிக் குழாயெல்லாம் உறைஞ்சு வெடிச்சிடும்.”

குழாய்! மாடு போயிற்று, குழாய் வந்தது. கிஸ்லேன் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

“வெயிலா ஆகல? எங்க கூட வர்றதுதான் ஆகல!” லிசெத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கோபம் வந்தால் அவளுக்கு அழுகையும் கூடவே வரும். “என் வீட்டுக்காரர் செத்துப்போன வருஷம்... நான் சோறு தண்ணி இல்லாம இதே வீட்ல கிடந்தேன். அண்ணன்தான் என்னைத் தூக்கிக்கிட்டுப் போய்க் கடலைக் காட்டுச்சு. நீங்க என்ன பண்ணீங்க அண்ணி? வாசல் வரைக்கும் வந்து ‘போய்ட்டு வா’ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? தொழுவத்துக் கதவைச் சாத்திக்கிட்டீங்க! இன்னிக்கி வரைக்கும் நான் அதை மறக்கல!”

“சித்தி, போதும்...” என்ற மெலிசா சட்டென்று நின்றாள். மாமியாரை ஏதோ புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். “அத்தை... போன ஜூலைல நாம வைக்கோல் அடுக்கினோமே. அந்தத் தகரக் கூரைக்கு அடியில, பரண் மேல. எனக்கு மயக்கம் வந்து உங்க பிள்ளை யானிக் என்னைக் கீழே இறக்கினாரு. நீங்க சாயங்காலம் வரைக்கும் அங்கேயே நின்னீங்க. அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருந்துச்சு அத்தை! உங்களுக்கா வெயில் ஆகாது?”

கிஸ்லேன் சிரிக்க முயன்றாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

“எத்தனை ஜூலை அங்க நின்னுருக்கேன்... உங்க மாமாவுக்குத் தெரியும்.”

ரெயாலின் கோப்பை பாதியில் நின்றது.

“அப்போ... நீதானே சொன்ன? வெயில்ல தலை சுத்தும், என்னால முடியாதுன்னு?”

“சொன்னேன்.”

“எதுக்கு?”

அவள் லிசெத்தைப் பார்த்தாள். சொல்ல வேண்டாம் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தாள். சொன்னால் அது கொடுத்த மாதிரி இருக்காது, திருப்பிக் கேட்ட மாதிரி ஆகிவிடும். ஆனால் குழாய்க்குக் காவல் என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாக நின்றது.

“எங்க இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு என் அண்ணன்மாரு வரதேரோவுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாங்க. உங்க அண்ணனுக்கும் எனக்கும். நான் நீச்சல் உடைகூட வாங்கி வெச்சிருந்தேன், லிசெத். நீலக் கலர். அப்போதான் உன் வீட்டுக்காரர் பெர்னான் போனாரு. நீ கட்டில்ல சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்தே. எழுந்திருக்கவே இல்ல... என் டிக்கெட்டை உன் பேருக்கு மாத்துங்கன்னு ஏஜெண்டுகிட்ட நான்தான் சொன்னேன். அது எனக்கு எடுத்த டிக்கெட்டுன்னு தெரிஞ்சா நீ போயிருப்பியா?”

லிசெத் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“வாசலுக்கு ஏன் வரலேன்னு கேக்கிற. வந்திருந்தா அழுதிருப்பேன். நான் அழுதா நீ காரைவிட்டு இறங்கியிருப்ப. அதனாலதான் கதவைச் சாத்திக்கிட்டேன்.”

“அண்ணி...”

“அடுத்த வருஷம் நீங்களே கிளம்பிட்டீங்க. அதுக்கடுத்த வருஷமும். யாரும் கேக்கல, நானும் சொல்லல. சொன்ன பொய்யை எப்படித் திருப்பி வாங்கறது?” பையின் முடிச்சைத் தடவினாள். “பால் கறந்துட்டு வருவேன். பானையிலேருந்தே நின்னுக்கிட்டு சூப் குடிப்பேன். ஒருத்திக்கு எதுக்குத் தட்டுன்னு... வீட்ல ஒரு குரல் வேணுமேன்னு ரேடியோவைப் போட்டு வெச்சுட்டுத் தூங்குவேன்.”

“ஐயோ, பாவி நான்!” லிசெத் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “நீங்க பாக்க வேண்டிய கடலை நான் பாத்துட்டேனே அண்ணி! இத்தனை வருஷம் உங்களைக் கரிச்சுக் கொட்டிக்கிட்டு... அந்த யமிலே ஒவ்வொரு வருஷமும் பையை வாங்கிக்கிட்டுக் கேப்பா, ‘இந்த அம்மா எப்போ வருவாங்க’ன்னு. நாங்க சிரிச்சுக்கிட்டே சொல்லுவோம், அவங்களுக்கு வெயில் ஆகாதுன்னு!”

இரண்டு பேரும் அழுதார்கள். லிசெத் சத்தமாக, கிஸ்லேன் சத்தமில்லாமல். மெலிசா தன் மாமியாரின் முதுகைத் தடவிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

“நான் இருந்து குழாயைப் பாத்துக்கறேன்,” என்றாள் லிசெத். “நீங்க போங்க.”

“வேணாம். பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து அடுப்பைப் பாத்துப்பாரு. கேட்டா மாட்டேன்னா சொல்லப்போறாரு? நீயும் வா.”

“தனி ரூம்லயா?” லிசெத் கண்ணைத் துடைத்தாள். “குறட்டையில்லாமலா? அண்ணி, நீங்க தெய்வம்!”

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. ரெயால் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து வந்து மனைவியின் அருகில் நின்றார், கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல.

“நீ முடியாதுன்னே. நான் நம்பிட்டேன், கிஸ்லேன்.”

“தெரியும்.”

“பரண்ல நீ நிக்கறதைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்... தோணவே இல்ல.”

“அதுவும் தெரியும்.”

மெலிசா எண்ணை அழுத்தினாள். “ஆமாங்க, அந்த வரதேரோ குடும்பம்தான். இன்னும் ஒரு பேர் சேத்துக்கோங்க. கிஸ்லேன்... ஆமா, என் மாமியார். தனி ரூம் லிசெத் அம்மாவுக்கு. மாமாவும் அத்தையும் ஒரு ரூம்.” கொஞ்சம் கேட்டுவிட்டுத் தொலைபேசியின் வாயைக் கையால் பொத்தினாள். “அத்தை, அவங்க ரூம்ல ஒரே பெரிய கட்டிலா, தனித்தனியா ரெண்டு கட்டிலான்னு கேக்கிறாங்க. என்ன சொல்ல?”

லிசெத் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மனைவியைப் பார்த்தார். கிஸ்லேன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். பல வருஷங்களுக்குப் பிறகு கணவரின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு, ரெயால். அத்தனை வருஷம் அந்தக் கடலுக்கு முன்னாடி உக்காந்திருந்தியே... ஒரு நாளாவது, ‘இப்போ அவ இருந்திருந்தா’ன்னு உனக்குத் தோணிச்சா?”