கரையாத மாத்திரை

கிணற்றடியிலிருந்து அலறல் கேட்டது!

சிதம்பரம். 1966.

நடனசபாபதி தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புறக் கிடந்தார். அலறியவள் அவர் மனைவி குணசுந்தரி.

அவருக்கு வலிப்பு நோய். குளிக்கும்போது வலிப்பு வந்து, தண்ணீரிலேயே மூச்சு அடங்கியிருந்தது.

மாத்திரை தவறாமல் சாப்பிட்டார் என்று குணசுந்தரி அழுதாள். அக்கம்பக்கம் நம்பவில்லை. அவள்தான் கொடுத்திருக்க மாட்டாள் என்று கிசுகிசுத்தது.

இன்ஸ்பெக்டர் தேவநாதனும் அப்படித்தான் நினைத்தார்... பிரேதப் பரிசோதனை முடியும்வரை.

குடலில் மாத்திரைகள் இருந்தன. விழுங்கியது விழுங்கியபடி!

"மருந்து உடம்புல சேரவே இல்ல சார்," என்றார் டாக்டர். "கூழாங்கல்லை முழுங்கின மாதிரிதான்."

அந்த மாத்திரைகளைப் புது பாட்டில்களில் கொண்டுவந்து கொடுத்தவர் குணசுந்தரியின் அண்ணன் சிற்றம்பலம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவருக்கு மாத்திரை கம்பெனி. நடனசபாபதியும் அதில் கூட்டாளி.

குணசுந்தரி இன்னொன்றும் சொன்னாள். குழந்தைகளின் காய்ச்சல் மாத்திரையில் அண்ணன் வெறும் சுண்ணாம்புத்தூளை அடைப்பதைக் கணவர் கண்டுபிடித்துவிட்டாராம். அதிகாரிகளிடம் சொல்லப்போவதாகச் சண்டை போட்டாராம்.

தேவநாதன் கடலூருக்கு ஜீப்பை விரட்டினார்.

கம்பெனியில் இரண்டு தம்ளர் தண்ணீர் கேட்டார். ஒன்றில் அதே கம்பெனி கடைகளில் விற்கும் வலிப்பு மாத்திரை. இன்னொன்றில் செத்தவரின் மாத்திரை.

கடை மாத்திரை உப்பியது... பொலபொலவென்று உதிர்ந்தது.

மற்றது அப்படியே கிடந்தது!

டாக்டர் விளக்கியிருந்தார். மாவு சேர்த்தால்தான் அது தண்ணீரை உறிஞ்சி மாத்திரையை உடைக்கும். மாவை விட்டுவிட்டு மெழுகைக் கலந்து, மெஷினை இறுக்கி அடித்தால்...?

சிற்றம்பலம் சிரித்தார்.

"லேபுக்கு அனுப்புங்க சார். மருந்து அளவு சரியா இருக்கும். நல்ல மாத்திரைதான் அது."

உண்மைதான். மருந்து முழுதாக உள்ளே இருந்தது. வெளியே வரத்தான் வழியில்லை. சிற்றம்பலத்தைப் பிடிக்கவும் வழி தெரியவில்லை.

தேவநாதன் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"நல்ல மாத்திரைன்னா சரி. உங்க பொண்ணுக்கும் வலிப்பாமே? மிச்ச பாட்டிலை உங்க தங்கச்சி அவளுக்குக் குடுத்து அனுப்பிட்டாங்க. காலையிலேருந்து அதைத்தான் சாப்பிடுதாம்."

சிற்றம்பலத்தின் முகம் வெளுத்தது. பாய்ந்து போனை எடுத்தார். வீட்டு நம்பரைக் கேட்டுக் கத்தினார். மறுமுனையில் மனைவி சின்னப்பிள்ளை.

"பாப்பாவுக்கு அந்த மாத்திரையைக் குடுக்காதே... அது கரையாது... மச்சானுக்குன்னு நான்தான் தனியா அடிச்சேன்..."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

வாசலில் கான்ஸ்டபிள் கொளஞ்சியப்பன் விலங்கோடு நின்றான்.

தேவநாதன் பையைத் திறந்து காட்டினார். பாட்டில்கள் அத்தனையும் உள்ளேதான் இருந்தன.

"மாத்திரை கரையலன்னா என்ன சிற்றம்பலம்... நீ கரைஞ்சிட்டியே."