எந்தப் பலகை ரொம்ப மோசம்?

எங்கள் கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகையை முதன்முதலில் செய்தவர் எறும்பின் தாத்தா. எறும்பு என்பவள் பத்து வயதுப் பெண். அவள் கேள்வி கேட்டால் சுருக்கென்று இருக்கும். அதனால் அந்தப் பெயர்.

தாத்தா இழைப்புளியால் பலகையைச் சீவும்போது வெள்ளைத்தூள் தெருவெல்லாம் பறக்கும். ஒருமுறை அவர் தும்மியதில் பக்கத்து வீட்டுக் கறுப்புப் பூனை வெள்ளையாகிவிட்டது. அதற்குப் பிறந்த குட்டிகளும் வெள்ளைதான். சந்தேகம் இருப்பவர்கள் குட்டிகளைப் போய்ப் பார்க்கலாம்.

தாத்தா இறந்து ஓராண்டு ஆயிற்று. பட்டறையை இப்போது எறும்பின் அம்மா நடத்துகிறார். தாத்தா செய்த முதல் பலகையை அவர் நினைவாகப் பட்டறைச் சுவரில் மாட்டுவது என்று ஊர்க்காரர்களே பேசி முடிவு செய்தார்கள்.

அன்று காலை ரொட்டிக்கடைக்காரர் ஒரு பழைய பலகையோடு அம்மாவிடம் வந்தார்.

"தங்கச்சி, இந்தா முதல் பலகை."

பின்னாலேயே முடிவெட்டுக்காரர் இன்னொன்றோடு வந்தார்.

"யோவ், அது உன் வீட்டுக்கு முதல் பலகை. ஊருக்கு முதல் பலகை இதுதான். இடப்பக்கம் பாரு, எவ்வளவு கோணல்! கை பழகாதப்போ செஞ்சது."

ரொட்டிக்கடைக்காரர் விடவில்லை. "இதெல்லாம் ஒரு கோணலா? என்னோடதுல மூக்கைப் பாரு. நசுங்கின கத்தரிக்காய் மாதிரி!"

"என்னோடது சொன்ன பேச்சே கேட்காது. கரைக்குப் போன்னா கப்பலுக்குப் போகும்."

"என்னோடது எருமைக் கனம். தூக்கித் தூக்கித்தான் என் முதுகு இப்படி வளைஞ்சுது!"

"உன் முதுகு அதுக்கு முன்னாடியே அப்படித்தான்!"

கூட்டம் கூடிவிட்டது. அம்மா மட்டும் தலை நிமிரவில்லை. ஏற்கெனவே வழவழப்பாக இருந்த பலகையையே உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பாவை நினைக்க வேண்டிய நாளில் அப்பாவின் குறைகள் மட்டுமே அவர் காதில் விழுந்தன.

எறும்பு அதைக் கவனித்தாள். நிறுத்துங்கள் என்றால் பெரியவர்கள் நிறுத்த மாட்டார்கள்; இன்னும் சத்தமாகச் சண்டை போடுவார்கள். ஆகவே வேறு விதமாகக் கேட்டாள்.

"மாமா, ஒரு சந்தேகம். உங்க பலகை தண்ணியில முங்கிச்சா?"

"முங்குறதா?" ரொட்டிக்கடைக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. "உங்க தாத்தா செஞ்ச பலகை முங்குமா? புயல்ல இதுமேல படுத்துத் தூங்கிட்டேன். கண் முழிச்சா வீட்டு வாசல்ல இருக்கேன்!"

"வாசல்தானே?" என்றார் முடிவெட்டுக்காரர். "இது என்னை மாடியிலேயே கொண்டுபோய் விட்டுச்சு."

அம்மாவின் கை நின்றது.

"அப்புறம், மாமா?"

"திரும்புன்னு நினைச்சாலே திரும்பும், பாப்பா. அப்படி ஒரு பலகை!" என்றார் முடிவெட்டுக்காரர்.

"என்னைப் படுக்கவெச்சு அளவெடுத்தாரு," என்றார் ரொட்டிக்கடைக்காரர். "என் தொப்பைக்குன்னு நடுவுல லேசா ஒரு பள்ளம்கூட வெச்சாரு. வேற யாருக்குய்யா அந்த மனசு வரும்?"

"அப்போ ரெண்டுமே முதல் பலகை இல்ல, மாமா," என்றாள் எறும்பு. "முதல் பலகை செஞ்ச அன்னிக்கே முங்கிடுச்சுன்னு தாத்தா சொன்னாரே. அது கடலுக்கு அடியிலதான் கிடக்கு."

இருவரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"நிஜம்தான் அண்ணா," என்றார் அம்மா. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சமையலறைக் கதவைக் கழட்டிச் செஞ்சாரு. எங்க சமையலறையில இன்னிக்கும் திரைதான் தொங்குது."

முடிவெட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்போ சுவர்ல எதை மாட்டுறது?"

"அது கிடக்கட்டும், மாமா. இவ்வளவு நல்ல பலகை ரெண்டு இருக்கே. முதல் பலகை முங்கின இடத்துக்குப் போயிட்டு வரலாமே?"

எல்லோரும் கடலுக்குப் போனார்கள். அங்கே மூன்று மாடி உயரத்துக்கு ஓர் அலை வந்தது. இரண்டு மாடிதான் என்று சொல்பவர்கள் அன்று அங்கே இல்லை. ரொட்டிக்கடைக்காரரும் முடிவெட்டுக்காரரும் பலகைமேல் எழுந்து நின்றார்கள். "அப்பா பலகை! அப்பா பலகை!" என்று அம்மா கரையில் குதித்தார். அந்தக் கூச்சல் அடங்குவதற்குள் இருவரும் தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தார்கள்.

யார் கடைசியாக விழுந்தது என்ற சண்டை மட்டும் இன்னும் முடியவில்லை.