ஆறு மணிக்கு வர வேண்டிய ஆள்

அந்தக் கட்டளையை அழிக்க அவளுக்கு நான்கு நிமிடம்தான் இருந்தது. அதற்குள் செயற்கைக்கோள் தொடுவானத்துக்குக் கீழே இறங்கிவிடும். அப்புறம் ஒன்றரை மணி நேரத்துக்கு அதனிடம் யாரும் எதையும் சொல்ல முடியாது.

எண்களை உரக்க வாசித்தாள். பக்கத்து நாற்காலிக்காரன் அதே எண்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லி மற்றவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் பொத்தானில் கை வைக்கலாம் என்பது அந்தப் படைப்பிரிவின் சட்டம். அவனுக்கு அங்கே 'கொட்டாவி' என்று பெயர். ஐந்தாவது எண்ணில் பெயரைக் காப்பாற்றினான்.

"முடிச்சிட்டு வாயத் தொற," என்றாள்.

"தொறந்தாத்தானே மேடம் முடிக்க முடியும்."

முடித்தான். அழுத்தினாள். 'அழிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் பதில் வந்தது.

காலை ஏழு மணி. ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஏழும் ஒன்றுதான், நள்ளிரவும் ஒன்றுதான். ஏசியின் ஈரத்துணி வாடை, சூடேறிய கம்பிகளின் வாடை, மூன்று நாளாகத் துவைக்காத தன் சட்டையின் வாடை எல்லாம் ஒன்றாகக் கலந்து தொண்டையில் உட்கார்ந்திருந்தன. மாற்று ஆள் ஆறு மணிக்கே வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிரிவில் இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் பதினொரு நாளாக அவளுக்கு இரட்டை ஷிப்ட். தூக்கம் பின்கட்டு ஓய்வறையில், நாலு மணி நேரம். செல்போன் வாசல் காவலறையில் பூட்டிக் கிடந்தது. வீடு மூன்றே கிலோமீட்டர். மகளுக்கு ஏழு வயது, பக்கத்து வீட்டுப் பாட்டியின் பொறுப்பில் விட்டிருந்தாள். ஆறு மணி ஆள் வந்து உட்கார்ந்தால் போதும், எழுந்து ஓடிவிடுவாள்.

அழித்த கட்டளை அட்டவணையில் இல்லாதது. குறிப்பிட்ட நொடியில் கேமராவை ஓரிடத்தின் மேல் திருப்பு என்றது. அனுப்பியவரின் குறியீடு அவளுடையது. இடம், அவள் வீட்டு மொட்டைமாடி.

பிரிவுத் தலைவர் மேஜரிடம் சொல்லலாம்தான். ஆனால் பதினொரு நாளுக்கு முன்னால், வீட்டுக்குப் போக முடியாது என்று தெரிந்த அன்று, இரண்டு வேலைகளுக்கு நடுவே ஒரே ஒரு படம், தன் வீட்டைத் திருட்டுத்தனமாக எடுத்திருந்தாள். இந்த வேலையில் இருக்கிற யாருக்கும் ஒருநாள் வருகிற சபலம். தோண்டினால் அதுவும் வெளியே வரும். தோளில் இருக்கும் பதவிப் பட்டை போகும். சத்தம் போடாமல் அழித்துவிட்டாள்.

அப்படியும் படம் வந்து இறங்கியது.

மேலிருந்து பார்த்தால் மனிதர் வெறும் புள்ளி. நிழலை வைத்துத்தான் ஆளா தொட்டியா என்று சொல்வார்கள். காலை வெயிலில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பாதி மாடிக்கு நீண்டு கிடந்தது, கொடிக்கம்பத்தின் நிழல் நூலாக. நடுவில் ஒரு புள்ளி. அதற்கு நிழல் இல்லை.

தூசி என்று கொட்டாவி தீர்ப்புச் சொன்னான். கண் எரிகிறது, தூசிதான் என்று அவளும் நம்ப முயன்றாள்.

எட்டே முக்காலுக்குச் செயற்கைக்கோள் மறுபடி ஏறி வந்தது. கட்டளையும் இருந்தது. அவள் குறியீடு. இடம் மட்டும் மாறியிருந்தது. வீட்டிலிருந்து முகாமுக்கு வரும் சாலை, பாதி வழி.

வாசித்தாள். நாக்கு குழறியது. கொட்டாவி ஒருமுறைகூட வாயைப் பிளக்காமல் திருப்பிச் சொன்னான். பச்சை எழுத்து வந்தது. படமும் வந்தது.

ஆளில்லாத சாலை. இரண்டு புள்ளிகள், ஒட்டி ஒட்டி. நிழல் ஒன்றுதான். குட்டையான நிழல். காலைச் சூரியனில் ஒரு பெரிய ஆளின் நிழல் எவ்வளவு நீளும் என்று அவளுக்கு மனப்பாடம். இது அதில் பாதி. அந்தச் சின்ன நிழலின் ஒரு கை மேலே தூக்கியிருந்தது, யாருடைய விரலையோ பிடித்தபடி.

மேஜரிடம் ஓடினாள். பட்டை போனால் போகட்டும், என்னை வீட்டுக்கு விடுங்கள் என்றாள். அவர் அவள் கண்களைப் பார்த்தார். தூங்காதவர்களுக்கு நிழல் தெரிவதும் தெரியாததும் சகஜம் என்றார், மாற்று ஆள் வராமல் நாற்காலியை விட்டால் கைவிலங்குதான் என்றார், ஆறு மணி ஆள் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டதாக வாசலிலிருந்து தகவல் வந்திருக்கிறது என்றும் சொன்னார். அவள் வீட்டுக்குப் போன் போட்டுத் தரக் கெஞ்சினாள். போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பத்தரை. மூன்றாவது முறை.

கட்டளை இருந்தது. இடம், முகாம் வாசல்.

அழிக்கவில்லை. சுவரோரம் இருந்த உள்தொலைபேசியை எடுத்தாள். வாசல் காவலர் எடுத்தார்.

"அங்க ஒரு சின்னப் பொண்ணு..."

"உங்க பொண்ணுதானே மேடம்? இங்கதான் உக்காந்திருக்கா. பிஸ்கட் குடுத்திருக்கேன்." அவர் குரல் இழுத்தது. "நீங்க அதுக்குள்ள உள்ள போய்ச் சேந்துட்டீங்களா? இப்பதானே விட்டுட்டுப் போனீங்க. ஆறு மணி டூட்டிக்கு லேட்டாயிருச்சுன்னு கையெழுத்துக்கூடப் போட்டீங்க."

நடைபாதையில் பூட்ஸ் சத்தம். சீராக. அவசரமில்லாமல்.

"அவகிட்ட குடுங்க," என்றாள்.

சரசரப்பு. பிஸ்கட் மெல்லும் சத்தம். சின்ன மூச்சு.

"யாரு?"

"அம்மாடா."

மெல்லுவது நின்றது.

"எங்கம்மா உள்ள போயிருக்காங்க. நீங்க யாரு?"

"கண்ணு, அது நான் இல்லடா. நான் வீட்டுக்கு வந்தே பதினோரு நாளாச்சுடா."

கதவின் பூட்டு சொடுக்கியது. கொட்டாவி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். விறைப்பாக நின்றான். அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தான்.

அவள் திரும்பவில்லை.

"பொய்," என்றது போனில் குழந்தை. "அம்மா தினமும் வர்றாங்க. தினமும் எங்கூடத்தான் படுத்துக்கறாங்க."

தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. அவள் கை. அதே தழும்பு, அதே வெட்டிய நகம். நன்றாகத் தூங்கி எழுந்த கை. ரிசீவரை அவள் விரல்களிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டது.

"நான்தான்டா," என்றது அவள் குரல்.

மறுமுனையில் குழந்தை சந்தோஷமாகச் சிரித்தது.