கழுவிய பானை

கூலிக்காரி முத்துக்கனி வந்தபோது ராஜையன் முற்றத்தில் பானை கழுவிக்கொண்டிருந்தார். மலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து, ஆட்களை அடித்து வேலை வாங்கியவர். அறுபதுக்குமேல் பழம்பொருள் தோண்டும் பித்து பிடித்தது. பூதப்பாண்டிப் பக்கம் முதுமக்கள் தாழி தோண்ட வந்த தொல்லியல் அதிகாரி ஒருவர், மண்ணைத் தட்டி எடுக்கவும் பிரஷ்ஷால் எலும்பு தேய்க்கவும் அவரைப் பழக்கியிருந்தார். இது ராஜையன் தனியாகத் தோண்டி எடுத்த முதல் பானை. உள்ளே சிசுவின் எலும்புகள்.

"ஐயா, அது எனக்க பிள்ளையாக்கும். போன வருசம் பொதச்சது."

"போடி. இது ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது. அப்பமே நீ பெத்துப் போட்டியா?"

"பானை வாயில கெட்டியிருந்தது எனக்க மாப்பிள்ளைக்க வேட்டித் துணி."

அந்தத் துணியை முந்தின நாள் அடுப்பில் போட்டவர் அவர்தான். மக்காத துணி. போடும்போதே மனதில் உறுத்தியது. ஆனால் வெள்ளிக்கிழமை பானையைப் பார்க்க அதிகாரி வருகிறார். துரைமாரிடம் ஏச்சு வாங்கிய காது, படித்தவர் வாயால் 'மிஸ்டர் ராஜையன்' என்று கேட்க ஏங்கியது.

முற்றம் பெருக்கும் வாரியலை எடுத்து அவள்மேல் ஓங்கினார்.

செத்த சிசுவைப் பானையில் வைத்து, தாய் அதன்மேல் முலைப்பாலைப் பீய்ச்சி, பானை வாயைக் கட்டிப் புதைப்பது முத்துக்கனியின் சனங்களுடைய வழக்கம். அவள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாலைக் கழுவிட்டியளே. பசிச்சா அது எங்க போவும்?"

உள்ளே, பேற்றுக்கு வந்திருந்த மகள் கிரேசி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முதல் கிரேசியின் பிள்ளைக்குப் பால் கிடைக்கவில்லை. கத்திக் கத்தி அதன் தொண்டை கட்டியது. அறைக்குள் ஈர மண் வாடை.

உச்சி வெயிலில் கிரேசி கூப்பிட்டாள்.

"அப்பா, பிள்ள தொட்டில்லதானே கெடக்கு?"

"ஆமா."

"அப்பம் இங்க ஆரு குடிக்கா?"

சப்பும் சத்தம் அவருக்கும் கேட்டது.

பானையைத் தூக்கிக்கொண்டு முத்துக்கனியின் குடிசைக்கு ஓடினார்.

"பால் பீச்சி விடுட்டி. பொதச்சிருவோம்."

"எனக்கு எப்பமோ வத்திப்போச்சு. உங்க மவளுக்கு ஊறுதுல்லா. அது அங்க குடிக்கும்."

"எனக்க பேரன் செத்துருவான்."

"எனக்கதும் செத்துதுதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தபோது வீட்டில் சின்னதாகப் பெட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். துக்கம் விசாரித்துவிட்டு, முற்றத்தில் கிடந்த பானையைத் திருப்பிப் பார்த்தார்.

"இது சந்தையில் விற்கிற பானை, மிஸ்டர் ராஜையன்."

பேரனைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு ராஜையன் திரும்பினார். கிரேசி சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் மடக்கி உட்கார்ந்திருந்தாள்.

"மெல்ல வாங்கப்பா. ரெண்டும் குடிக்குது."

மடியில் ஒன்றுமில்லை.

இரண்டு மார்பிலும் ரவிக்கைத் துணி விட்டு விட்டு இழுபட்டது.